தன் கழிவே தனக்கு நஞ்சு: வைஸ்மன் வளர்த்த பாக்டீரியாவும் உங்கள் ஊறுகாய்ப்புல் குழியும்

போன பங்குனியில் அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பழக்கமான பால் மாட்டு விவசாயி ஒருவர் ஒரு பாலித்தீன் பையோடு வந்தார். வாயைப் பிரித்ததும் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். கெட்டுப்போன வெண்ணெயும் வாந்தியும் கலந்த நாற்றம். உள்ளே இருந்தது அவர் கார்த்திகையில் குழி போட்டு மூடிய மக்காச்சோள ஊறுகாய்ப்புல். முந்தின வருடம் இதே குழி, இதே ரக மக்காச்சோளம், புளித்த மோர் வாசனையோடு பொன்மஞ்சளாக வந்தது. இந்த வருடம் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. கோடை முழுவதற்கும் நம்பியிருந்த தீவனம். எங்கே தப்பு நடந்தது என்று கேட்டார்.

மழை நேரத்தில் குழி நிரப்பினால் இப்படி ஆகும் என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஏன் ஆகும் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை நீங்களே முடிவெடுக்க முடியும். அந்த ஏன் என்ற கேள்விக்கு நான் படித்ததிலேயே நல்ல விளக்கம் ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் மாடு வளர்த்தவர் அல்ல, வேதியியல் படித்தவர். அவரும் நம்மைப் போலவே மக்காச்சோளத்தைத்தான் புளிக்க வைத்தார். பெயர் ஹைம் வைஸ்மன்.

மர வியாபாரி மகன்

இன்று பெலாரஸ் நாட்டில் இருக்கும் மோட்டல் என்ற சிற்றூரில் 1874 நவம்பர் 27-இல் வைஸ்மன் பிறந்தார். அன்றைக்கு அது ரஷ்யப் பேரரசு. சதுப்பும் காடுமான பகுதி. அப்பா மரத்தை வாங்கி, கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ஆற்றிலேயே மிதக்கவிட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விற்பவர். வீட்டில் பிறந்த குழந்தைகள் பதினைந்து, தங்கியது பன்னிரண்டு. யூதக் குடும்பங்களுக்குப் பல ஊர்களில் குடியிருக்கவே அனுமதி கிடையாது, பள்ளியிலும் இடம் குறைவு. பதினொரு வயதில் பையனைப் பக்கத்து நகரமான பின்ஸ்க்கில் தங்கிப் படிக்க அனுப்பினார்கள். அங்கே ஓர் ஆசிரியர் அவனை வேதியியல் பக்கம் திருப்பினார்.

பிறகு ஜெர்மனி, அங்கிருந்து சுவிட்சர்லாந்து. 1899-இல் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் சாயப் பொருள்களின் வேதியியலில் முனைவர் பட்டம். ஜெனீவாவில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். 1904-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனார். ஆங்கிலம் சரியாகத் தெரியாது, கையில் பணம் கிடையாது. பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு பழைய அறையை வாடகைக்கு எடுத்து, தானே கழுவித் துடைத்து ஆய்வகமாக்கிக்கொண்டார். 1906-இல் மருத்துவரான வேராவை மணந்தார். வாழ்க்கையின் பாதி ஆய்வகத்தில், மறுபாதி யூதர்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்ற இயக்க வேலையில். ரயிலேறி ஊர் ஊராகப் போய்ப் பேசுவார், திரும்பி வந்து சோதனைக் குழாயைக் கழுவுவார்.

ரப்பர் தேடப் போனவர்

1910 வாக்கில் உலகச் சந்தையில் ரப்பர் விலை தாறுமாறாக ஏறியது. ரப்பர் மரம் இல்லாத நாடுகள் செயற்கையாக ரப்பர் செய்ய வழி தேடின. மான்செஸ்டரில் பெர்க்கின் என்ற பேராசிரியரோடு சேர்ந்து வைஸ்மனும் இதில் இறங்கினார். யோசனை எளிதானது. பியூட்டனால் என்ற ஒருவகைச் சாராயம் கிடைத்தால் அதிலிருந்து ரப்பரின் மூலப்பொருளைச் செய்யலாம். அந்தப் பியூட்டனாலை எங்கே தேடுவது? சர்க்கரையையோ மாவையோ தின்று அதை வெளியேற்றும் பாக்டீரியா உண்டு என்பது பாஸ்டர் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. ஆக, சாயம் படித்தவர் கிருமி வளர்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பாரிஸில் இருந்த பாஸ்டர் நிறுவனத்துக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். முப்பத்தைந்து வயது தாண்டியபின் புதிய துறையை முதலிலிருந்து படித்த இந்தப் பகுதி எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அந்த நிறுவனத்தின் ஃபெர்ன்பாக் என்ற அறிஞரிடம் ஒரு பாக்டீரியா இருந்தது. அது உருளைக்கிழங்கு மாவைப் புளிக்க வைத்தது, மக்காச்சோளத்தில் சரியாக வேலை செய்யவில்லை, விளைவும் குறைவு. 1912-இல் கூட்டாளிகளுக்குள் பிணக்கு வந்து வைஸ்மன் பிரிந்தார். எதிர்பார்த்த பேராசிரியர் பதவியும் அடுத்த வருடம் கிடைக்கவில்லை. தனியாக வேலையைத் தொடர்ந்தார்.

அவர் செய்தது இதுதான். மண், தானியம் என்று பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்தார். மக்காச்சோள மாவை வேகவைத்த கஞ்சியில் போட்டுக் காற்றில்லாமல் வளர்த்தார். பிறகு அதைக் கொதிநிலை அளவுக்கு ஓரிரு நிமிடம் சூடாக்கினார். சாதாரணக் கிருமிகள் எல்லாம் செத்துவிடும். விதை போல ஓடு கட்டிக்கொள்ளும் வித்துகள் மட்டும் பிழைக்கும். பிழைத்ததை மறுபடி கஞ்சியில் விடுவது, வளர்ந்ததும் மறுபடி சூடாக்குவது. இப்படி நூறு தடவைக்கு மேல். நெல்லில் கலவனை ஒவ்வொரு பருவமும் பிடுங்கிப் பிடுங்கித் தூய விதை எடுப்பீர்களே, அதே வேலைதான். 1914-க்குள் அவர் கையில் ஒரு பாக்டீரியா தேறியது. இன்றைக்கு அதன் பெயர் கிளாஸ்டிரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம். 1915-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

கிளாஸ்டிரிடியம் குடும்பத்தை உங்களுக்குத் தெரியும். மாட்டுக்குச் சப்பை நோய் கொடுப்பதும், ஆட்டுக்குத் துள்ளுமாரி நோய் கொடுப்பதும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். எல்லாமே காற்றைக் கண்டால் ஆகாதவை, மண்ணில் வித்தாகக் கிடப்பவை. வைஸ்மனின் பாக்டீரியா நோய் எதுவும் தராது.

பானைக்குள் நடப்பது என்ன?

இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் குழிக்கும் மாவுச் சட்டிக்கும் சாண எரிவாயுக் கலனுக்கும் இதில்தான் விஷயம் இருக்கிறது.

எந்த உயிரும் தின்றால் கழிக்க வேண்டும். நம் கழிவு தூரப் போய்விடுகிறது. மூடிய பானைக்குள் இருக்கும் பாக்டீரியா தன் கழிவிலேயே மிதக்கிறது. நாம் விரும்பி எடுக்கும் தயிரின் புளிப்பு, கள்ளின் போதை, காடியின் உறைப்பு எல்லாம் அந்த உயிர்களுக்குக் கழிவுதான். கூடக்கூட அதுவே அவற்றுக்கு நஞ்சு.

வைஸ்மன் பாக்டீரியாவை மக்காச்சோளக் கஞ்சியில் விட்டால், முதல் பதினெட்டு மணி முதல் ஒரு நாள் வரை அது வேகமாகப் பெருகும். குமிழ் குமிழாக வாயு வரும். அப்போது அது வெளியேற்றுவது அசிட்டிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும். அந்தப் பைக்குள் வந்த நாற்றம் நினைவிருக்கிறதா? அதே பியூட்டிரிக் அமிலம்தான். கஞ்சி புளிக்கப் புளிக்க, இந்த அமிலம் பாக்டீரியாவின் மேல்தோல் வழியாகத் திரும்ப உள்ளே கசியும். உள்ளே போன அமிலம் செல்லின் வயிற்றைப் புளிக்கச் செய்யும். பாக்டீரியா அந்தப் புளிப்பை வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். படகுக்குள் ஓட்டை வழியாக வரும் தண்ணீரை இறைப்பது போல. இறைக்க இறைக்கத் தின்ற சத்தெல்லாம் அதற்கே செலவாகும். ஒரு கட்டத்தில் இறைக்க முடியாமல் மூழ்கும்.

சாதாரணப் பாக்டீரியா அங்கே நின்றுவிடும். இந்தப் பாக்டீரியா வேறொன்று செய்கிறது. தான் வெளியே தள்ளிய அமிலத்தைத் திரும்ப உள்ளே இழுத்து, அதைப் புளிப்பில்லாத பொருளாக மாற்றுகிறது. பியூட்டிரிக் அமிலம் பியூட்டனாலாகிறது. அமிலத்தை உள்ளே எடுக்கும் அதே வேலையில் அசிட்டோன் பிறக்கிறது. கூடவே கொஞ்சம் எத்தனால். பானையில் புளிப்பு ஏறி ஏறி வந்து, ஓர் இடத்தில் திடீரென இறங்கத் தொடங்கும். நாற்றம் குறைந்து சாராய வாடை வரும். பழைய ஆலைத் தொழிலாளர்கள் இந்தத் திருப்பத்தைப் பார்த்துத்தான் தொட்டி தேறிவிட்டது என்று மூச்சு விடுவார்கள். திருப்பம் நேரத்துக்கு வராமல் அமிலம் முந்திக்கொண்டால், பாக்டீரியா கூட்டமாகச் செத்துத் தொட்டி முழுவதும் வீணாகும்.

ஆனால் அமிலத்திலிருந்து தப்பியது முழுத் தப்பு இல்லை. கொஞ்சம் அவகாசம் வாங்கியது, அவ்வளவே. பியூட்டனால் எண்ணெய்ப் பசையோடு ஒட்டும் பொருள். பாக்டீரியாவின் மேல்தோல் கொழுப்பால் ஆனது. பியூட்டனால் அந்தக் கொழுப்புக்குள் புகுந்து அதை இளக்கும். தோல் தளர்ந்தால் உள்ளே இருக்க வேண்டியது வெளியே ஒழுகும். இதற்கும் பாக்டீரியா ஒரு மாற்று வைத்திருக்கிறது. தோலில் உள்ள கொழுப்பின் வகையையே மாற்றும். கடலை எண்ணெய் ஓடும், நெய் உறையும் அல்லவா? அதுபோல இறுக்கமான கொழுப்பைக் கூட்டித் தோலைக் கெட்டியாக்கும். குலைந்துபோகும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கத் தனிப் புரதங்களையும் செய்துகொள்ளும். இதெல்லாம் செய்தும், பியூட்டனால் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு சேர்ந்ததும் வேலை நின்றுவிடும். அப்போது மிச்சமிருப்பது ஒரே வழி. ஓடு கட்டி வித்தாகித் தூங்கும்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நூறு லிட்டர் புளித்த கஞ்சியில் கிடைப்பது இரண்டு கிலோ அளவுக்குத்தான். மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்த இரண்டை எடுக்க மொத்தத்தையும் காய்ச்சி வடிக்க வேண்டும். விறகுச் செலவு யோசித்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் தன் சாராயத்தை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வரை தாங்கும். வைஸ்மன் தன் பாக்டீரியாவுக்கு அந்தத் தாங்கும் சக்தியைக் கொண்டுவரவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் கொஞ்சம்தான் கூட்ட முடிந்திருக்கிறது. அவர் செய்த பெரிய காரியம், அமிலத்தில் சாகாமல் தவறாமல் திரும்பும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

சூடாக்குவதை நிறுத்திவிட்டுத் தொட்டியிலிருந்து தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போனால், இந்தப் பாக்டீரியா சில தலைமுறையில் அந்தத் திரும்பும் குணத்தை இழந்துவிடும், வெறும் அமிலம் மட்டுமே செய்யும். அந்தக் குணத்துக்கான மரபணுக்கள் உடலோடு ஒட்டாமல் தனி வளையமாக இருப்பதும், அதைத் தொலைத்துவிட்டால் குணமும் போய்விடுவதும் மிகப் பின்னால்தான் தெரிந்தது. இதன் மரபணு வரிசை முழுவதும் வெளியானது 2001-இல். தாய் விதையை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்று நாங்கள் நச்சரிப்பது போன்ற கதைதான் இதுவும்.

போர் வந்தது

ரப்பர் ஆசை நிறைவேறவில்லை. விலை இறங்கிவிட்டது. வைஸ்மன் தேடிய பியூட்டனாலை யாரும் கேட்கவில்லை. கூடவே வந்த அசிட்டோனை உலகம் கேட்டது. 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியது. பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் புகையில்லா வெடிமருந்துக்குக் கார்டைட் என்று பெயர். நம் நீலகிரியில் அரவங்காட்டில் ஆங்கிலேயர் 1903-இல் தொடங்கிய தொழிற்சாலை இதற்காகத்தான். மேட்டுப்பாளையம் மலை ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். கார்டைட் பிசைவதற்கு அசிட்டோன் வேண்டும். அதுவரை அசிட்டோன் எடுத்த முறை, மரத்தை மூடிய கொப்பரையில் கரியாக்கி வரும் ஆவியைப் பிடிப்பது. ஒரு டன் அசிட்டோனுக்கு எண்பது முதல் நூறு டன் மரம். காடு குறைந்த பிரிட்டன் அதை வெளிநாட்டிலிருந்து வாங்கியது. போரில் தேவை மலை போல ஏறியது.

வைஸ்மன் தன்னிடம் வழி இருக்கிறது என்றார். கடற்படையின் பொறுப்பில் இருந்த சர்ச்சில் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு போர்த் தளவாட அமைச்சரான லாயிட் ஜார்ஜும் ஆதரித்தார். லண்டனில் நிக்கல்சன் ஜின் சாராய ஆலையில் பெரிய அளவில் முதல் சோதனை நடந்தது. சோதனைக் குழாயில் வளர்ந்தது டன் கணக்கான தொட்டியில் வளருமா என்பது சாதாரணக் கேள்வி அல்ல. இரும்புத் தொட்டியில் ஒரு மூலையில் வேறு கிருமி புகுந்தாலும் தொட்டி புளித்துப் பாழாகும். கஞ்சியை அழுத்தத்தில் வேகவைத்து, குழாய்களை நீராவியில் கழுவி, தூய வித்தைப் படிப்படியாகப் பெருக்கித் தொட்டியில் விடும் ஒழுங்கு அங்கேதான் உருவானது. தூய பாக்டீரியாவைத் தொழிற்சாலை அளவில் வளர்த்த முதல் முயற்சிகளில் இது முக்கியமானது. பின்னாளில் பென்சிலின் தொட்டிகள் வந்தபோது இந்த அனுபவம் கைகொடுத்தது.

1916-இல் கிங்ஸ் லின் நகரத்து ஆலை இந்த முறைக்கு மாறியது. ஆனால் மக்காச்சோளம் கப்பலில் வர வேண்டும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன. தின்னவே தானியம் போதாத நிலை. 1917-இல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு குதிரைச் செஸ்ட்நட் என்ற மரத்தின் கொட்டைகளைப் பொறுக்க வைத்தார்கள். மனிதர் தின்ன முடியாத, மாவு நிறைந்த கொட்டை. எதற்கு என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை, அது ராணுவ ரகசியம். ஆயிரக்கணக்கான டன் குவிந்தது. ஆலைக்குப் போனது அதில் ஒரு பங்குதான், மீதி ரயில் நிலையங்களில் அழுகியது. போனதும் சரியாகப் புளிக்கவில்லை. மாவு எதுவானாலும் பாக்டீரியாவுக்கு ஒன்றுதான் என்று நினைத்தது தப்பானது. பெரிய அளவு உற்பத்தி கடைசியில் மக்காச்சோளம் கிடைத்த கனடாவின் டொராண்டோ சாராய ஆலையில்தான் நடந்தது.

இந்தியாவிலும் அந்தப் போர்க்காலத்தில் நாசிக்கில் ஓர் அசிட்டோன் ஆலை எழுப்பினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு 1916 வாக்கில் வந்த பேராசிரியர் கில்பர்ட் ஃபவுலர் அசிட்டோன் புளிப்பு ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அவரும் மான்செஸ்டரிலிருந்து வந்தவரே. கழிவுநீரைக் காற்றூட்டி நுண்ணுயிரிகளைக் கொண்டு சுத்தம் செய்யும் முறையை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு.

வேண்டாத பொருள் விலைபோனது

இந்தப் புளிப்பில் அசிட்டோன் ஒரு பங்கு என்றால் பியூட்டனால் இரண்டு பங்கு. போர்க்காலத்தில் பியூட்டனாலுக்கு உபயோகம் இல்லாமல் தொட்டிகளில் தேக்கி வைத்தார்கள். போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. அசிட்டோன் யாருக்கும் வேண்டாம். அமெரிக்காவில் மோட்டார் கார்கள் பெருகின. காருக்கு அடிக்கும் பெயிண்ட் சீக்கிரம் உலர்வதற்குப் பியூட்டனாலிலிருந்து செய்த கரைப்பான் கிடைத்தது. அமெரிக்க மக்காச்சோள நாட்டில், டெர்ரே ஹோட் என்ற ஊரிலும் பியோரியாவிலும் பெரிய ஆலைகள் வந்தன. 1923-இல் டெர்ரே ஹோட் ஆலையில் தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மந்தமாயின. பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ்தான் காரணம். வேறு வகைப் பாக்டீரியாவுக்கு மாறித் தப்பினார்கள்.

நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு ஒரு செய்தி. வடித்த பிறகு அடியில் நிற்கும் கசடில் ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின், நிறைய இருந்தது. அதை உலர்த்திக் கோழித் தீவனத்தில் சேர்க்க விற்றார்கள். பி2 குறைந்தால் குஞ்சுகளின் கால்விரல் உள்பக்கம் சுருண்டு நடக்க முடியாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெட்ரோலியத்திலிருந்து இவை மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. புளிப்பு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. நூற்றுக்கு இரண்டு என்ற அந்த எல்லை இல்லையென்றால் பல ஆலைகள் பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம். இப்போது மறுபடி ஆராய்ச்சி நடக்கிறது. பியூட்டனாலைத் தொட்டியிலிருந்து அவ்வப்போது வாயுவை ஊதி வெளியே எடுத்துக்கொண்டே இருந்தால் பாக்டீரியா சாகாமல் தொடர்ந்து வேலை செய்யும். நஞ்சைத் தாங்கப் பழக்குவதைவிட நஞ்சை எடுத்துவிடுவது எளிது.

வைஸ்மனின் பிற்கால வாழ்க்கை பெரும்பாலும் அரசியல். 1917 நவம்பர் 2-இல் பால்ஃபர் அறிக்கை வந்ததில் அவர் முயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அது அசிட்டோனுக்குக் கிடைத்த கூலி என்று லாயிட் ஜார்ஜ் பின்னாளில் எழுதினார். வைஸ்மனே அதை ஒப்புக்கொள்ளவில்லை, வரலாற்றாசிரியர்களும் அப்படிப் பார்ப்பதில்லை. 1949-இல் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானார். அந்த மண்ணில் வாழ்ந்த பாலஸ்தீன அரபு மக்களுக்கு இதெல்லாம் என்ன கொண்டுவந்தது என்பது இன்றும் தீராத வழக்கு. வேளாண் பக்கத்தில் அதற்குள் போக இடமில்லை. 1934-இல் ரெஹோவோத் என்ற ஊரில் அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இன்று அவர் பெயரிலேயே இருக்கிறது. 1942-இல் அவருடைய இளைய மகன் மைக்கேல் போர் விமானத்தோடு காணாமல் போனார். அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் அமெரிக்காவில் தானியச் சாராயத்திலிருந்து ரப்பர் செய்யும் வேலைக்கு ஆலோசனை சொன்னார். முப்பது வருடத்துக்கு முன் விட்ட இடம். கடைசிக் காலத்தில் கண்பார்வை மங்கிவிட்டது. 1952 நவம்பர் 9-இல் காலமானார்.

இனி அந்தப் பைக்கு வருவோம்

ஊறுகாய்ப்புல் குழியில் இரண்டு கூட்டம் போட்டி போடுகிறது. ஒன்று, தயிரிலும் இட்லி மாவிலும் இருக்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியா. இது தன் புளிப்பை நன்றாகத் தாங்கும். தன் வயிறும் கொஞ்சம் புளித்தால் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்து வேலை செய்யும். இன்னொன்று கிளாஸ்டிரிடியம். வைஸ்மன் வளர்த்தவனுக்குப் பங்காளி. இதற்குப் புளிப்பு ஆகாது. பி.எச். 4.2-க்குக் கீழே சீக்கிரம் இறங்கிவிட்டால் வித்தாகச் சுருண்டு படுத்துவிடும். கடைசியில் லாக்டிக் பாக்டீரியாவும் தன் அமிலத்திலேயே நின்றுவிடும். யாரும் வேலை செய்யாததால்தான் குழித்தீவனம் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது.

புளிப்பு மெதுவாக ஏறினால் கதை மாறும். கிளாஸ்டிரிடியம் விழித்துக்கொள்ளும். லாக்டிக் பாக்டீரியா செய்து வைத்த அமிலத்தையே அது தின்னும். இரண்டு பங்கு லாக்டிக் அமிலத்தைத் தின்று, அதைவிட வலுக் குறைந்த பியூட்டிரிக் அமிலம் ஒரு பங்கு செய்யும். குழியின் புளிப்பு குறையும். குறைந்தால் இன்னும் பெருகும். வைஸ்மன் தொட்டியில் வாழ வைத்த அதே தந்திரம், அமிலத்தைத் தின்று வேறொன்றாக்குவது, இங்கே உங்கள் தீவனத்தை அழிக்கிறது.

அந்த விவசாயியிடம் விசாரித்தேன். மழைக்குப் பயந்து மணி பால் பிடிக்கும் முன்பே வெட்டியிருக்கிறார். தட்டில் தண்ணீர் அதிகம், சர்க்கரையும் மாவும் குறைவு. ஈரமான தட்டில் மண்ணும் சேறும் ஒட்டி வந்திருக்கிறது, அதோடு கிளாஸ்டிரிடியம் வித்துகளும். மழை விட்டு விட்டுப் பெய்ததில் குழியை நிரப்ப நான்கு நாள் ஆகியிருக்கிறது. அத்தனை நாளும் காற்றுப் பட்டுச் சர்க்கரை வீணானது. மூன்றும் சேர்ந்து புளிப்பைத் தாமதப்படுத்திவிட்டன.

நானும் இதில் தப்பு செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் தழைந்த வேலிமசாலை மட்டும் போட்டு ஒரு செயல்விளக்கக் குழி அமைத்தேன். பயறுவகைத் தீவனம் புளிப்பை உறிஞ்சிக்கொள்ளும், சீக்கிரம் பி.எச். இறங்காது. நாற்பது நாள் கழித்து ஊர் கூடித் திறந்தபோது வந்த வாடையை இன்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பயறுவகையை மக்காச்சோளத்தோடு கலந்துதான் போட வேண்டும்.

மக்காச்சோளத்தை மணி பால் முற்றி மாவு பிடிக்கும் பருவத்தில் அறுங்கள். கம்பு நேப்பியர் போன்ற ஈரப்புல்லை அரை நாள் வாட விடுங்கள். நறுக்கிய தீவனத்தைக் கைப்பிடியில் இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் சாறு சொட்டினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உருண்டை மெதுவாக அவிழ்ந்தால் சரியான பதம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, மிதித்தோ டிராக்டர் ஏற்றியோ காற்றை வெளியேற்றி, ஒரே நாளில் மூடிவிடப் பாருங்கள். ஈரம் கூடியிருந்தால் 100 கிலோவுக்கு 2 கிலோ அளவில் மொலாசஸ் தெளித்தால் லாக்டிக் கூட்டத்துக்குச் சாப்பாடு கிடைக்கும். மண் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்றம் போகட்டும் என்று சுண்ணாம்போ சோடாவோ போடாதீர்கள். அது கிளாஸ்டிரிடியத்துக்கு விருந்து.

சாண எரிவாயுக் கலனும், சேகோ ஆலைக் கழிவுநீர்க் கலனும் இதற்கு நேர் எதிர். அங்கே அமிலம் செய்யும் கூட்டம் முந்திக்கொண்டால், அதைத் தின்று மீத்தேன் தரும் கூட்டம் செத்துவிடும். குச்சிக்கிழங்குத் தோலையும் திப்பியையும் ஒரே நாளில் அள்ளிக் கொட்டினால் கலன் புளித்து அடுப்பு எரியாமல் போவது இதனால்தான். அங்கே சில நாள் தீனியை நிறுத்தி, சாணக் கரைசலை மட்டும் விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

கெட்ட குழித்தீவனத்தை என்ன செய்வது என்று அவர் கேட்டார். பியூட்டிரிக் நாற்றம் அடிக்கும் பகுதியைக் கன்று ஈன்ற கறவைக்குக் கொடுக்க வேண்டாம், கீட்டோசிஸ் வரும். சினை மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேண்டாம். அதைத் தனியே எடுத்து எருக்குழியில் போடச் சொன்னேன். குழியின் மையத்தில், நன்றாக அழுந்திய இடத்தில், மூன்றில் ஒரு பங்கு நன்றாகவே இருந்தது. அடுத்த வாரம் பி.எச். தாளோடு போய்ப் பார்த்தபோது அந்த இடம் 4 காட்டியது. ஓரத்தில் 5.5. மையத்துப் பங்கை வைக்கோலோடு கலந்து சித்திரை முடியும் வரை ஓட்டினார். இந்த வருடம் மழைக்கு முன்பே அறுக்கும்படி விதைப்பைப் பதினைந்து நாள் முன்னால் தள்ளியிருக்கிறார்.